தட்டோடு வந்து நின்றவர்

வாசல் குழாயைத் திறந்துவிட்டு, அதன் எதிரில் குந்தி உட்கார்ந்து, தண்ணீரிடம் கனவு சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் விடிந்திருந்தது. மலை இன்னும் கறுப்பாக இருந்தது. உச்சியில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தொட்டிருந்தது. ஆடிக் காற்றில் எதிர்வீட்டு முருங்கை பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

"கேட்டாண்ட வந்து நின்னாரு. கையில தட்டு. மூக்குக் கண்ணாடி வெள்ளையா பூத்துப் போயிருந்துச்சு. கண்ணே தெரியல. வாயத் தொறக்கல. சும்மா நின்னுக்கினே இருந்தாரு."

அவர் என்று நான் சொன்னது என் வீட்டுக்காரரை. அவர் போய் இரண்டு கார்த்திகை தீபம் முடிந்துவிட்டது.

"இன்னாம்மா, யார்கூட பேசிக்கினு இருக்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மாடியில் குடியிருக்கும் மரியா. வெள்ளைக்காரப் பெண். எந்த நாடு என்று பலமுறை சொல்லியிருக்கிறாள், எனக்கு மனதில் நிற்கவில்லை. ஆசிரமத்துப் பக்கம் வருஷக்கணக்காக இருக்கிறாள். தமிழை ஆட்டோக்காரர்களிடம் கற்றுக்கொண்டாள். அதனால் அவள் வாயில் 'ங்க' வராது.

"தண்ணிகூட" என்றேன்.

"தண்ணி இன்னா சொல்லுது?"

"தண்ணி ஒண்ணும் சொல்லாது. அதனாலதான் அதுகிட்ட சொல்றோம்."

அவள் சிரிக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் என் மருமகள் விஜயா உள்ளேயிருந்து வந்தாள். வீணாக ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் பக்கெட்டைக் கொண்டுவந்து குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கடிந்து பேசுவதில்லை. அதில் எனக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமையைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். கனவு வழியாகச் சுற்றித்தான் வர முடியும்.

மோட்டார் போட்டால் வருகிற ஆறு

கெட்ட கனவு கண்டால் மனிதர்களிடம் சொல்லக் கூடாது, ஓடுகிற தண்ணீரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தண்ணீர் கேட்டுக்கொண்டே ஓடிவிடும். கனவும் அதோடு போய்விடும். ஏரி மதகு, வாய்க்கால் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது சுலபம். செங்கம் ரோட்டுக்குப் பின்சந்தில் வீடு வைத்திருக்கிற எனக்கு, மோட்டார் போட்டால் வருகிற குழாய்தான் ஆறு.

அன்றைக்குக் கனவு ஓடிப்போகவில்லை. விஜயா வைத்த பக்கெட்டில் நிரம்பி நின்றது. அந்தத் தண்ணீரைக் குளிக்க எடுக்கவும் மனம் வரவில்லை, கொட்டவும் வரவில்லை. கடைசியில் வாழைக்கு ஊற்றினேன். வாழை நன்றாகத்தான் இருக்கிறது.

நான் மெதுவாகத்தான் சொல்வேன். எனக்கு எழுத்து கொஞ்சம்தான். பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், இப்படிப் பெரிய பெரிய எழுத்தாக எழுதுவேன். ஒரு பக்கம் எழுதுவதற்குள் காலை போய்விடும். அவசரக்காரர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் படித்தவர்களுக்கு எங்கள் மாடி அறைகளைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் கொத்தனார். ஊரில் பாதிப் பேருக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, கடைசிக் காலத்தில் நம் வீட்டு மேலேயும் இரண்டு அறை போடுவோம் என்று தானே போட்டார். அதில்தான் மரியா மாதிரி வருகிறவர்கள் தங்குகிறார்கள். கீழே நான், மகன் குமார், விஜயா. குமார் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறான்.

செத்தவர்கள் எதற்கு வருவார்கள்

கனவில் செத்தவர் வந்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று பொருள். புடவை கேட்டால் புடவை வைத்துப் படைத்து, ஒரு சுமங்கலிக்குக் கொடுக்க வேண்டும். பசி என்று வந்தால் சமைத்துப் படைத்துக் காக்கைக்கு வைக்க வேண்டும். இதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நான்.

என் மாமியார் இறந்த பிறகு என் நாத்தனார் கனகாவின் கனவில் மட்டும்தான் வருவார். முதல் வருஷம் மாம்பழக் கலரில் பட்டுப்புடவை கேட்டார். வாங்கிப் படைத்தோம். சுமங்கலியைத் தேடி எங்கே போவது? கனகாவே சுமங்கலிதான். அவளுக்கே கொடுத்தோம். அடுத்த வருஷம் வெள்ளிக் குங்குமச் சிமிழ். அதுவும் அவளுக்கே போயிற்று.

அதற்கடுத்த வருஷம் கனகா வந்து, "அண்ணே, அம்மா கனவுல வந்தாங்க. மிக்ஸி கேட்டாங்க" என்றாள்.

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சூடான சோறு. வயசான பிறகு கண்ணாடி போட்டார் இல்லையா, சூடாக எதைப் போட்டாலும் கண்ணாடி பூத்துவிடும். கழற்ற மாட்டார், துடைக்க மாட்டார். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "தெளியட்டும், தெளியட்டும்" என்று சும்மா உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார்ந்தபடியே கேட்டார்:

"ஏம்மா கனகா, அம்மா உயிரோட இருந்த வரைக்கும் அம்மியிலதானே அரைச்சாங்க? அங்க போயி இன்னாத்துக்கு மிக்ஸி? மேல கரண்டு இருக்குதா?"

கனகா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் மாமியார் யார் கனவிலும் வரவில்லை.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்த எங்கள் ஆட்களில் ஒருவருக்குக்கூட, செத்தவர்கள் கேட்பதற்குத்தான் வருவார்கள் என்பதில் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அதனால் இவர் தட்டோடு வந்து நின்றதும், பசி என்று முடிவு கட்டிவிட்டேன். அவருக்குப் பிடித்த காரக்குழம்பு, உளுந்து வடை, அப்பளம், பாயாசம் எல்லாம் செய்து படைத்தோம். மொட்டைமாடியில் காக்கை வந்து ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டுப் போயிற்று. குமார் கும்பிட்டான். விஜயா கும்பிட்டாள். நானும் நிம்மதியாகப் படுத்தேன்.

காக்கை போய்விட்டது. அவர் போகவில்லை. அடுத்த வாரமே வந்து நின்றார். அதே தட்டு, அதே வெள்ளைக் கண்ணாடி.

வேலூரில் ஒரு வீடு

இந்தக் கனவு வரத் தொடங்கியது, குமார் வேலூர் பேச்சை எடுத்த பிறகுதான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் அவன், "மா, வேலூர்ல ஒரு வீடு பாத்திருக்கோம். அங்க வண்டிக்கு ஓட்டம் ஜாஸ்தி. ஆடி கழியட்டும், ஆவணியில பால் காய்ச்சிடலாம்னு" என்றான்.

"நல்லதுப்பா" என்றேன்.

"நீயும் வந்துடு மா."

"எனக்கு மலை போதும். நீங்க போங்க. நான் பாத்துக்குவேன்."

அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போய்விட்டான்.

வண்டி ஓட்டம் எல்லாம் சாக்கு என்று எனக்குத் தெரியும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலையில் கிடைக்காத ஓட்டமா? போக வேண்டும் என்று சொன்னது விஜயா. ஏன் என்றுதான் புரியவில்லை.

நான் கல்யாணமாகி வந்தபோது என் மாமியார் என் சமையலில் குறை சொல்லாத நாள் கிடையாது. உப்பு, புளி, உறைப்பு, நான் கரண்டி பிடிக்கிற கை, எல்லாவற்றிலும் குறை. அடுப்பு முன்னால் அழுதிருக்கிறேன். என் வீட்டுக்கு மருமகள் வந்தால் என் வாயிலிருந்து ஒரு குறைச் சொல் வராது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். சொன்னபடி இருந்தேன். விஜயா எது சமைத்தாலும், "நல்லாயிருக்கும்மா" என்பேன். எப்போது எழுந்தாலும், எங்கே போனாலும் கேட்க மாட்டேன். இந்தச் சந்தில் என்னைப் போல ஒரு மாமியார் இல்லை என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவர் இருந்தவரை அவருக்குப் பரிமாறிவிட்டு, அவர் எழுந்த பிறகு நான் சாப்பிடுவேன். அவர் போன பிறகு அதுவும் இல்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும், அடுப்பு ஓரமாக நின்றபடி, குழம்புச் சட்டியிலேயே கொஞ்சம் சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்றுவிட்டுச் சட்டியைக் கழுவிவிடுவேன். விஜயா கூப்பிடுவாள். "பசிக்கலம்மா, நீ சாப்பிடு" என்பேன். அவளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைத்துத்தான்.

வீடு பார்த்துவிட்டு வந்த வாரம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது விஜயா கேட்டாள்.

"அத்தை, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"எங்க வீட்டுல, கீழ்பென்னாத்தூர்ல, எங்கம்மாவுக்கும் அண்ணிக்கும் தெனம் சண்ட. தெரு முனை வரைக்கும் கேக்கும். ஆனா அண்ணி அவங்க ஊருக்குப் போனா எங்கம்மாவுக்குச் சோறு எறங்காது. நான் போனா உங்களுக்கு இன்னா ஆவும்?"

அவள் கவலைப்படக் கூடாது என்று நினைத்தேன். "ஒண்ணும் ஆவாதும்மா. நிம்மதியாப் போயிட்டு வா" என்றேன்.

விஜயா மடித்த புடவையை மறுபடி உதறினாள். மறுபடி மடித்தாள்.

"மாடியில இருக்கிற மரியாகிட்டயும் இப்படித்தான் பேசுறீங்க" என்றாள். "எல்லாம் நல்லாயிருக்கும்மா, சௌரியமா இரும்மா. வாடகைக்கு இருக்கிறவங்ககிட்ட பேசுற மாதிரி."

மரியாதையாகப் பேசியது ஒரு குற்றமா என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பலன் சொல்லாத கூட்டம்

மரியா வாரத்தில் ஒரு நாள் காலையில் மொட்டைமாடியில் பாய் விரித்து, இரண்டு மூன்று பேரை வைத்துக்கொண்டு கனவு பேசுவாள். குழாயடியில் என்னைப் பார்த்த நாளிலிருந்து, "நீ வா, நீ வா" என்று ஒரே பிடிவாதம்.

"முதல்ல 'நீங்க வாங்க'ன்னு சொல்லக் கத்துக்க, அப்பறம் வரேன்" என்றேன்.

மறுநாள் படியில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "நீங்க வாங்கம்மா" என்றாள். ஆட்டோக்காரர்கள் யாரிடமோ பாடம் கேட்டிருக்கிறாள். போகாமல் என்ன செய்வது? வீட்டுச் சொந்தக்காரி, கீழேயும் உட்கார முடியாது, ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தேன்.

அவர்கள் முறை எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. தூக்கம் கலைந்ததும் உடம்பை அசைக்கக் கூடாதாம். புரளக் கூடாது, கண் திறக்கக் கூடாது. அப்படியே கிடந்து, கனவில் கடைசியாக என்ன பார்த்தோமோ அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டுமாம். ஆசிரமத்துப் பக்கம் மயில் வருமே, அதன் எதிரில் நிற்கிற மாதிரி. நாம் அசையாமல் இருந்தால் பக்கத்தில் வந்து மேயும். கால் எடுத்து வைத்தோமோ, சுவர் மேல் ஏறிவிடும்.

இதுவாவது பரவாயில்லை. யாரும் யாருக்கும் பலன் சொல்லக் கூடாதாம். கேள்வி மட்டும்தான் கேட்கலாமாம்.

"பலன் சொல்லாம கேள்வியாவே கேட்டுக்கினு இருந்தா எப்பம்மா முடியும்?" என்றேன்.

"முடியாதும்மா" என்றாள் மரியா, ரொம்பச் சந்தோஷமாக.

என் முறை வந்தது. குழாயிடம் சொன்னதையே சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெட்ராஸ்காரம்மா, பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உடனே "ஐயோ பாவம், பசியோட நிக்கிறார் போலிருக்கு" என்றார். மரியா விரலை உதட்டில் வைத்து அவரை அடக்கினாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"கண்ணாடி ஏன் வெள்ளை?"

"செத்தவங்களுக்குப் பார்வை மங்கிடும்."

"கனவு சொல்லிச்சா, நீ சொல்றியா?"

"நீங்க."

"கனவு சொல்லிச்சா, நீங்க சொல்றீங்களா?"

நான் யோசித்தேன். கனவு அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

"தட்டுல இன்னா இருக்கு?"

"காலித் தட்டுதான்."

"பாத்தியா?" என்றாள். 'ங்க' மறுபடி காணாமல் போய்விட்டது.

அவளைத் திருத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால், நான் பார்க்கவில்லை. எத்தனையோ தடவை வந்து நின்றவரின் கையிலிருந்த தட்டுக்குள் நான் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. செத்தவர் கையில் தட்டு இருந்தால் அது காலித் தட்டாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததைப் போய் யாராவது பார்ப்பார்களா?

மறுநாளிலிருந்து விழிப்பு வந்ததும் அசையாமல் கிடந்து பார்த்தேன். முதலில் ஒன்றும் கிடைக்கவில்லை. கொசு கடித்தது, பால்காரன் மணி அடித்தான், மயில் சுவரேறிவிட்டது. இன்னொரு நாள் அவருடைய கை மட்டும் நினைவில் நின்றது. ஒரு கையால் அல்ல, இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருந்தார். பிச்சைக்கு நிற்கிறவர்கள் அப்படிப் பிடிப்பதில்லை. அதற்கு மேல் அன்றைக்குப் போக முடியவில்லை.

சோறு வடித்த நேரம்

அந்த வாரமே ஒரு மதியம். விஜயா சமையல் செய்துகொண்டிருந்தாள். குமார் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போலச் சமையலறை வாசலில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றிருந்தேன்.

விஜயாவும் கண்ணாடி போட்டவள். வடித்து நிமிர்த்திய பானையின் மூடியைத் திறந்து குனிந்தாள். குப்பென்று சூடு மேலே வந்தது. நிமிர்ந்தபோது அவள் கண்ணாடி இரண்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது.

"அத்தை, அந்தத் துணிய எடுங்களேன், ஒண்ணும் தெரியல" என்று கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

நான் துணியை எடுக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தேன். கண் தெரியாத அந்த வெள்ளை. எனக்கு எத்தனை வருஷமாகத் தெரிந்த வெள்ளை அது! தினமும் எதிரில் உட்கார்ந்து பார்த்தது. "தெளியட்டும், தெளியட்டும்."

செத்ததால் பூத்த கண்ணாடி இல்லை. சூடான சோறு பக்கத்தில் இருந்ததால் பூத்த கண்ணாடி.

அப்படியானால் தட்டு காலி இல்லை.

அங்கேயே தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

"அத்தை! இன்னா ஆச்சு? மயக்கமா? ஏங்க, ஓடியாங்க!"

"கத்தாத. அசையாத. மயிலு போயிடும்."

"எந்த மயிலு?" விஜயாவின் குரல் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. மாமியாருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

கேட்டருகே அவர் நின்றார். கண்ணாடிக்குக் கீழே கை. கையில் தட்டு. எங்கள் வீட்டுப் பழைய தட்டு அகலமாக, விளிம்பு மடித்து இருக்கும். இது அது இல்லை. இதில் தடுப்புகள் இருந்தன. சோற்றுக்குப் பெரிய பள்ளம், குழம்புக்கு ஒன்று, பொரியலுக்கு ஒன்று, ஊறுகாய்க்குச் சின்னதாக ஒன்று. அந்தச் சின்னப் பள்ளத்தில் அவருடைய கட்டை விரல் அழுந்தியிருந்தது. பெரிய பள்ளத்தில் சோறு, பக்கத்தில் எண்ணெய் மிதக்கிற கத்தரிக்காய்க் குழம்பு. வேர்க்கடலை வறுத்து அரைத்து விட்டது. கீழ்பென்னாத்தூர்க் கைப்பக்குவம்.

அவர் கேட்கவில்லை. கொண்டுவந்திருந்தார். ஆயுசில் யாருக்கும் பரிமாறிப் பழகாத மனிதர், சிந்திவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல், கண்ணாடி தெளிவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

இதை நான் கனவில் பார்த்தேனா, அங்கே உட்கார்ந்தபடி நினைத்துக்கொண்டேனா என்று பிற்பாடு மெட்ராஸ்காரம்மா கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அது யாருடைய தட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிடாமல் நிற்பது யார் என்றும் தெரிந்துவிட்டது.

பரண்

பள்ளம் போட்ட தட்டுகள் விஜயாவின் சீரோடு வந்தவை. அவள் வந்த வாரமே, "ஓட்டல் தட்டு மாதிரி இருக்குது" என்று மனதுக்குள் நினைத்தேன். வாயால் சொல்லவில்லை. அதுதான் என் பெருமையாயிற்றே. "கீறல் விழுந்துடும்மா, பத்திரமா இருக்கட்டும்" என்று சொல்லிப் பரணில் ஏற்றிவிட்டேன். அவளையும் அப்படித்தான், ஒரு கீறல் விழாமல் பரணில் வைத்திருந்தேன் போலிருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது குமார் கையில் தண்ணீர் சொம்போடு நின்றிருந்தான். விஜயா என் தோளைப் பிடித்திருந்தாள்.

"குமாரு, பரண்ல விஜயாவோட தட்டு இருக்கும். எறக்கு."

"இப்ப எதுக்கு மா? ஊருக்குப் போறப்ப எறக்கிக்கலாம்."

"இப்ப எறக்குடா."

இறக்கினான். சுற்றியிருந்த பேப்பர் பழுத்துப் போயிருந்தது. தட்டில் கடைக்காரன் ஒட்டிய காகிதம்கூட உரியவில்லை. விஜயா நகத்தால் சுரண்டிக் கழுவினாள்.

"யாருக்கு அத்தை? யாராவது வர்றாங்களா?"

"எனக்குத்தான். போடு."

அவர் உட்காருகிற இடத்தில், ஃபேனுக்குக் கீழே, நான் உட்கார்ந்தேன். அந்த இடத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் மலை தெரிகிறது. இத்தனை வருஷம் அவர் சாப்பிடும்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

விஜயா பரிமாறினாள். கரண்டி தட்டில் பட்டுப் பட்டுச் சத்தம் வந்தது. குமார், இது ஏதோ பெண்கள் சமாசாரம் என்று வண்டிக்கே போய்விட்டான்.

பிசைந்து ஒரு வாய் வைத்தேன். சுட்டது. அவள் குழம்பை நான் சூடாகச் சாப்பிட்டதே இல்லை.

விஜயா எதிரில் நின்றுகொண்டே இருந்தாள். 'நல்லாயிருக்கும்மா' என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"உப்பு கம்மி" என்றேன்.

விஜயா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கம்மியா?" என்றாள் விஜயா.

"கம்மிதான்."

"நேத்தும் இதே உப்புதான். முந்தாநேத்தும் இதே உப்புதான். அப்பல்லாம் நல்லாயிருந்துச்சா?"

"அப்பவும் கம்மிதான்."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

"கேக்கலியா? தெனம் கேட்டேன்! 'எப்டி இருக்குது அத்தை, எப்டி இருக்குது அத்தை'ன்னு, நெத்தியில எழுதி ஒட்டாத குறையா கேட்டேன்! நல்லாயிருக்கு, நல்லாயிருக்குன்னு மாடிக்காரங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டு, சட்டியில நின்னுக்கினு தின்னா, எனக்கு இன்னா தெரியும்?"

"புளியும் ஜாஸ்தி."

"புளி ஜாஸ்தியெல்லாம் இல்ல! எங்க ஊர்ப் பக்குவம் அது!"

அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. மாடியிலிருந்து மரியா எட்டிப் பார்த்தாள். குமார் ஈரக் கையோடு ஓடிவந்தான்.

"இன்னாம்மா சண்ட?"

"உனக்கு இன்னாடா, போடா" என்றேன் நான்.

"நீங்க போயி வண்டியக் கழுவுங்க" என்றாள் அவள்.

அவன் போனான். விஜயா அழுதுகொண்டே இன்னொரு தட்டை எடுத்து வந்து, என் எதிரில் உட்கார்ந்து, தனக்கும் போட்டுக்கொண்டாள். ஒரு வாய் சாப்பிட்டாள். மெதுவாக மென்றாள். பிறகு எழுந்து உப்பு ஜாடியைக் கொண்டுவந்து, என் தட்டில் ஒரு சிட்டிகை, அவள் தட்டில் ஒரு சிட்டிகை போட்டாள்.

"கொஞ்சம் கம்மிதான்" என்றாள். "புளி சரியா இருக்குது."

இப்போது

இப்போதெல்லாம் கனவு கண்டால் நான் குழாய்க்கு ஓடுவதில்லை. அசையாமல் கிடந்து, வந்தவர் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்கிறேன். பலன் தெரிந்த மாதிரி இருந்தால் இன்னும் ஒரு தடவை பார்க்கிறேன். சில நாள் ஒன்றும் கிடைப்பதில்லை, வெறும் கால்வலிதான் கிடைக்கிறது.

அவர் அப்புறம் ஒரு தடவை வந்தார். தட்டு இல்லை. கேட்டின் கீலைத் தட்டிப் பார்த்து, துரு பிடித்திருக்கிறது என்று முகம் சுளித்துவிட்டுப் போனார். எழுந்ததும் போய்ப் பார்த்தேன். துருதான் பிடித்திருந்தது.

ஆவணி பிறந்தது. வேலூர் வீட்டின் சொந்தக்காரர் போன் செய்து, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். விஜயா போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இந்தத் தடவை கீரையைக் கீழே வைத்தேன்.

"நீ போனா எனக்குச் சோறு எறங்காது" என்றேன்.

"குறை சொல்ல ஆள் இருக்காதுல்ல, அதான்" என்றாள்.

"ஆமா, அதான். நேத்து ரசத்துல மொளகு போட்டியே, அது இன்னா மொளகா, கல்லா?"

"ரசத்தப் பத்தி நீங்க பேசாதீங்க அத்தை, அன்னிக்கு நீங்க வெச்ச ரசத்த..."

போனில் அந்த மனிதர் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருந்தார். நாங்கள் ரசத்தை விட்டு, அங்கிருந்து புளிக்குப் போய், கீழ்பென்னாத்தூருக்கே போய்விட்டோம். அடுப்பில் பால் வைத்ததை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். அது பொங்கி, அடுப்பெல்லாம் வழிந்து, தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் ஓடினோம்.

ஆவணியில் எங்கள் வீட்டில் பால் அப்படித்தான் பொங்கியது.